மைலுக்குக் கூலி, மணிக்குக் கெடு: அமெரிக்காவின் பெரிய டிரக் நிறுவனங்களில் ஓட்டுநர் வேலை

காலை 6 மணிக்கு ஓட்டுநர் தன் டேப்லெட்டில் 'பணியில்' என்று குறிக்கிறார். அப்போதே சட்டம் விதிக்கும் 14 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இரவு 8 மணிக்கு மேல் அவர் வண்டியை ஓட்டக் கூடாது. அந்த 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். மீதி நேரத்தில் என்ன செய்தார், ஏன் நின்றார் என்று கடிகாரம் கேட்காது. 20 நிமிடம் வண்டியைப் பரிசோதித்து, 40 நிமிடம் ஓட்டி 7 மணிக்குச் சரக்கு ஏற்றும் கிடங்குக்கு வந்து சேர்கிறார். ஏற்றி முடிக்கும்போது நண்பகல் 12. சட்டப்படி ஓட்டுவதற்கு இன்னும் 10 மணி 20 நிமிடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் இரவு 8 மணி வரை இருப்பது 8 மணி நேரம்தான். 2 மணி 20 நிமிடம் கையை விட்டுப் போய்விட்டது. சராசரி வேகம் 55 மைல் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 128 மைல்.

மைலுக்கு 50 சென்ட் கூலி என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அந்த 128 மைலின் மதிப்பு 64 டாலர். காத்திருப்புப் படி, அதாவது டிடென்ஷன், பெரும்பாலும் முதல் 2 மணி நேரம் கழிந்த பிறகுதான் தொடங்கும். மணிக்கு 15 டாலர் என்று பார்த்தால் 5 மணி நேரக் காத்திருப்புக்குக் கிடைப்பது 45 டாலர். அதுவும் வந்த நேரம், போன நேரம் இரண்டும் ஆவணத்தில் பதிவாகியிருந்து, கிடங்குக்காரர் நிறுவனத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டால்தான் பல இடங்களில் ஓட்டுநர் கைக்கு வரும்.

பெரிய நிறுவனத்தில் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். சம்பளத்தை மைலில் அளக்கிறார்கள், வேலையை மணியில் அளக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை யார் சுமப்பது என்ற கேள்விதான் அன்றாட வேலையில் பாதி மனக்கசப்புக்குக் காரணம்.

இங்கே பெரிய நிறுவனம் என்று சொல்வது ஆயிரக்கணக்கில் டிராக்டர்களும் (எஞ்சினும் ஓட்டுநர் அறையும் உள்ள இழுவண்டி) அவற்றைவிடப் பல மடங்கு டிரெய்லர்களும் (பின்னால் மாட்டும் சரக்குப் பெட்டி) வைத்திருக்கும் முழு லோடு நிறுவனங்களை. ஒரே வாடிக்கையாளரின் சரக்கு 53 அடி டிரெய்லரை நிரப்பும். ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குவார்கள். பல வாடிக்கையாளர்களின் சிறு சரக்குகளைச் சேர்த்து முனையம் விட்டு முனையம் கொண்டுபோகும் நிறுவனங்கள் வேறு ரகம். அங்கே நிலையான தடங்கள் உண்டு, ஓட்டுநர் அடிக்கடி வீடு திரும்புவார், ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் விலகுவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் 'டிரக் கம்பெனி' என்று பொதுவாகப் பேசுவதால்தான் ஒருவர் சொல்லும் அனுபவம் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகிறது.

1980 வரை மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் உரிமம், பாதை, கட்டணம் எல்லாம் மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் பிடியில் இருந்தன. அந்த ஆண்டு வந்த மோட்டார் கேரியர் சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. புதிய நிறுவனங்கள் ஏராளமாக நுழைந்தன, போட்டியில் கட்டணம் இறங்கியது. செலவைக் குறைக்க வேண்டிய நிறுவனத்துக்கு மைல் கூலி வசதியானது: சக்கரம் உருண்டால்தான் செலவு. ஓட்டுநரின் நேரம் வீணானால் நிறுவனத்தின் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. போதாக்குறைக்கு, 1938-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தின் ஓவர்டைம் விதியிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் ஓட்டுநர்களுக்கு விலக்கு இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி விதி உண்டு. 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்ற விதி இல்லை.

எந்த மைலுக்குக் கூலி?

ஆள் எடுக்கும் அலுவலர் சொல்லும் சென்ட் கணக்கை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். மைல் என்பதிலேயே மூன்று வகை இருக்கிறது. ஓடோமீட்டர் காட்டும் உண்மையான மைல் ஒன்று. டிரக் போகக்கூடிய நடைமுறைப் பாதையை மென்பொருள் கணக்கிட்டுத் தருவது இரண்டாவது. வீட்டுச் சாமான் ஏற்றும் தொழிலுக்காக உருவான பழைய குறும்பாதைக் கணக்கு மூன்றாவது. ஊருக்கு ஊர் மிகக் குறுகிய வழியை அது எடுத்துக்கொள்ளும், அந்த வழியில் 80,000 பவுண்டு வண்டி வசதியாகப் போக முடியுமா என்று பார்க்காது. மூன்றாவது முறையில் கூலி தரும் இடத்தில் ஒவ்வொரு பயணத்திலும் சில மைல்களைச் சும்மா ஓட்டுகிறீர்கள். சென்ட் கூடுதலாகக் காட்டி மைலைக் குறைத்துத் தரும் நிறுவனத்தைவிட, சென்ட் சற்றுக் குறைவாக இருந்தாலும் நடைமுறை மைல் தரும் நிறுவனம் மேலாக இருக்கக்கூடும்.

காலி டிரெய்லரோடு அடுத்த சரக்குக்கு ஓடும் மைலுக்கும் அதே கூலியா, வண்டி பழுதாகி நின்றால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் சும்மா நின்ற பிறகு லேஓவர் படி தொடங்கும், டிரெய்லரை விட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போகும் வேலை எத்தனை சதவீதம் என்பவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் வருமானத்தை அதிகம் தீர்மானிக்கும். டிரெய்லர் மாற்றும் இடத்தில் அரை மணியில் வேலை முடியலாம். நேரில் நின்று ஏற்றும் இடத்தில் அரை நாள் போகலாம்.

கூலியின் ஒரு பகுதியை வரி இல்லாத பயணப்படியாகத் தரும் திட்டமும் பல இடங்களில் உண்டு. நிறுவன ஊழியர்கள் இந்தச் செலவைத் தாங்களே வரியில் கழிக்கும் வசதி 2018 முதல் இல்லாமல் போனதால் திட்டம் கவர்ச்சியாகத் தெரியும். வாரச் சம்பளம் கூடும்; ஆனால் சமூகப் பாதுகாப்புக்கும் வேலையின்மைப் படிக்கும் அடிப்படையாக எடுக்கும் சம்பளம் குறையும். வீட்டுக் கடன் வாங்க நினைப்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

கடிகாரத்தின் நுணுக்கங்கள்

14-க்குள் 11 என்பது அடிப்படை. அதன்பின் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு. மொத்தம் 8 மணி நேரம் ஓட்டியதும் குறைந்தது 30 நிமிடம் ஓட்டாமல் நிற்க வேண்டும். டீசல் போடுவதும் சரக்கு ஏற்றுவதும்கூட இந்த 30 நிமிடத்துக்குக் கணக்காகும். 8 நாளில் மொத்தம் 70 மணி நேரப் பணி என்ற வரம்பு தனி. அந்த வரம்பை எட்டிய பிறகு அன்றைய 11, 14 மணிக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஓட்ட முடியாது. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும்.

70-ஐ 8-ஆல் வகுத்தால் நாளுக்கு 8 மணி 45 நிமிடம். இதில் பரிசோதனை, டீசல், காகித வேலை, பணியில் இருப்பதாகக் குறித்த காத்திருப்பு எல்லாம் அடக்கம். அவற்றுக்கு ஒன்றரை மணி போனால் ஓட்ட மிஞ்சுவது 7 மணி 15 நிமிடம். ஏறக்குறைய 400 மைல். 'வாரம் 3,500 மைல் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் இந்த எளிய வகுத்தலைச் செய்து பாருங்கள். தனி ஆள் ஒருவர் வாரா வாரம் அந்த எண்ணைத் தொடுவது மிகக் கடினம்.

கிடங்கில் வீணாகும் நேரத்தை மீட்க ஒரு வழி உண்டு. வண்டிக்குள் இருக்கும் படுக்கையில் குறைந்தது 7 மணி நேரம், அதோடு வேறொரு சமயம் குறைந்தது 2 மணி நேர ஓய்வு, இரண்டும் சேர்ந்து 10 மணி நேரத்துக்குக் குறையாமல் வந்தால், இரண்டுமே 14 மணி நேரக் கடிகாரத்தில் சேராது. 2020 செப்டம்பர் இறுதியில் அமலுக்கு வந்த திருத்தம் இது. மேலே சொன்ன ஓட்டுநர் காத்திருந்த நேரத்தில் 4 மணி நேரத்தைப் படுக்கை ஓய்வாகக் குறித்தால், அவருடைய 14 மணி நேரம் இரவு 8-லிருந்து நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும்.

ஆனால் புதியவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். அவர் 12 மணிக்குக் கிளம்பி, நடுவில் அரை மணி நின்று, இரவு 11-ஐ நெருங்கும்வரை மிச்சமிருந்த 10 மணி 20 நிமிடத்தையும் ஓட்டித் தீர்க்கிறார். பிறகு 7 மணி நேரம் படுத்து எழுகிறார். காலையில் முழு 11 மணி நேரம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார். வராது. புதிய கணக்கு முதல் ஓய்வு முடிந்த நண்பகலிலிருந்து தொடங்குகிறது. அதில் 10 மணி 20 நிமிடம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிஞ்சுவது 40 நிமிடம். முழு 10 மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் கணக்கு புதிதாகும். இரண்டு பாதியையும் முன்கூட்டியே திட்டமிடாமல் பிரித்துத் தூங்குவதால் பயனில்லை.

2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். எஞ்சினோடு இணைந்திருப்பதால் சக்கரம் உருண்டால் அதுவே பதிவுசெய்துவிடும். பழைய காகிதப் பதிவேட்டில் காத்திருப்பை மறைக்க முடிந்தது. இப்போது அந்த நேரம் கண்ணெதிரே கரைகிறது. ஆனாலும் பெரிய நிறுவனங்களில் பதிவைத் திருத்தி ஓட்டச் சொல்லும் அழுத்தம் பொதுவாகக் குறைவு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாலைச் சோதனைகளின் முடிவுகள் நிறுவனத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டில் ஏறும், வாடிக்கையாளரும் காப்பீட்டாளரும் அதைப் பார்ப்பார்கள். யாராவது வற்புறுத்தினால், 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த கட்டாயப்படுத்தல் தடை விதி நிறுவனத்துக்கு மட்டுமல்ல, சரக்கு அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொருந்தும். பாதுகாப்பற்ற ஓட்டத்தை மறுத்ததற்காகப் பழிவாங்கினால் 180 நாளுக்குள் தொழில்சார் பாதுகாப்பு நிர்வாகத்தில் புகார் கொடுக்கலாம். 'களைப்பாக இருக்கிறது, ஓட்ட முடியாது' என்பதைத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் டேப்லெட்டில் செய்தியாகவும் அனுப்புங்கள். எழுத்தில் இருப்பதுதான் பிறகு பேசும்.

டிரெய்லர் மாட்டுவது

நேரம் மிச்சமாகும் வேலை என்று மேலே சொன்னதில்தான் அவசரமும் ஒளிந்திருக்கிறது. முற்றத்தில் நிற்கும் டிரெய்லரை முன்பு யார் விட்டுப்போனார், எந்த நிலையில் விட்டுப்போனார் என்று தெரியாது. எண்ணைச் சரிபார்த்து, நேராகப் பின்னால் எடுத்து, டிரெய்லருக்குச் சற்று முன்பே நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும். ஃபிஃப்த் வீல் (டிராக்டரின் பின்புறத்தில் டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் இணைப்பு) தகடு டிரெய்லரின் அடிப்பகுதியைத் தொட்டு லேசாகத் தூக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். டிரெய்லர் உயரமாக நின்றால் கிங்பின், அதாவது டிரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் இணைப்பு முளை, பூட்டுக்கு மேலாக நழுவிப் போய்விடும். பூட்டு விழுந்தது போன்ற சத்தம்கூடக் கேட்கலாம். வளைவில் திரும்பும்போதோ மேட்டில் ஏறும்போதோ டிரெய்லர் கழன்று டிராக்டரின் சட்டத்தின்மேல் விழும்.

அதனால் மாட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முன்னால் மெதுவாக இழுத்துப் பார்ப்பது போதாது. கீழே குனிந்து டார்ச் அடித்து, தகட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியாததையும், தாடை கிங்பின்னின் கழுத்தைப் பின்பக்கமாகச் சுற்றி மூடியிருப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு சிவப்பு, நீலக் காற்றுக் குழாய்கள், மின்கம்பி, லேண்டிங் கியரை (டிரெய்லரின் முன்பக்கத் தாங்கு கால்கள்) முழுக்கச் சுற்றி மேலேற்றுதல், விளக்குகள், டயர். முன் டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது ஓர் அங்குலத்தின் 32-இல் 4 பங்கு. மற்றவற்றில் 2 பங்கு. எஞ்சினை நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பிடித்தால் காற்றழுத்தம் நிமிடத்துக்கு 4 பி.எஸ்.ஐ.-க்கு (சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு) மேல் இறங்கக் கூடாது. ஆண்டுப் பரிசோதனை ஸ்டிக்கர் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகு கண்டுபிடிக்கப்படும் குறை, பழையதாகவே இருந்தாலும், உங்கள் பெயரில்தான் எழுதப்படும். படம் எடுத்து அனுப்பிவிட்டு அங்கேயே பழுதுபார்க்கச் சொல்லுங்கள். மைல் கூலிக்காரருக்கு இது வலிக்கும், தெரிந்ததுதான். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் அதைவிட வலிக்கும்.

அடுத்தது எடை. மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் மொத்த வரம்பு 80,000 பவுண்டு; டிராக்டரின் பின் இரட்டை அச்சில் 34,000, டிரெய்லரின் இரட்டை அச்சில் 34,000. மொத்தம் சரியாக இருந்தும் ஓர் அச்சில் கூடிவிடலாம். எடைமேடைச் சீட்டில் முன்னச்சு 11,800, டிராக்டர் பின்னச்சு 35,200, டிரெய்லர் அச்சு 31,600 என்று வந்தால் மொத்தம் 78,600 சரி. நடுவில், அதாவது டிராக்டர் பின்னச்சில், 1,200 அதிகம். டிரெய்லரின் சக்கரத் தொகுதியை முன்னால் நகர்த்தினால் நடுவிலுள்ள எடை பின்னால் போகும். தொகுதியைப் பூட்டும் துளைகள் 6 அங்குல இடைவெளியில் இருந்தால் ஒரு துளைக்கு ஏறக்குறைய 400 பவுண்டு, 4 அங்குலமானால் ஏறக்குறைய 250. இந்தச் சீட்டுக்கு 6 அங்குலத் துளையில் நான்கு நகர்த்தினால் நடுவில் 33,600, பின்னால் 33,200 ஆகும்.

டிரெய்லர் பிரேக்கைப் பூட்டி, தொகுதியைத் துளைகளில் பூட்டும் முளைகளை இழுத்து விடுவித்து, டிராக்டரைப் பின்னால் எடுத்தால் சக்கரத் தொகுதி நின்ற இடத்தில் நிற்க, டிரெய்லரின் உடல் அதன்மேல் பின்னால் நகரும். துரு ஏறிய முளை ஒன்று வெளியே வராமல் அடம்பிடிக்கும். வண்டியை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து இழுத்தால் வரும். முடித்ததும் நான்கு முளையும் துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது. டீசல் காலனுக்கு ஏறக்குறைய 7 பவுண்டு. எடை போட்ட பிறகு 100 காலன் நிரப்பினால் 700 பவுண்டு டிராக்டரில் ஏறும். கலிஃபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து கடைசி அச்சின் நடுவரை 40 அடிக்கு மேல் போகக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வண்டியும் மேலாளரும்

பெரிய நிறுவனத்தின் நல்ல பக்கம் வண்டியில் தெரியும். டிராக்டர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மேல் பழையவை அல்ல. பழுதானால் ஓட்டுநர் பையிலிருந்து போவதில்லை. பதிலுக்கு, வேகத்தை மணிக்கு 62 முதல் 68 மைலுக்குள் எங்காவது பூட்டியிருப்பார்கள். எங்கே எத்தனை காலன் டீசல் போட வேண்டும் என்பதைக் கணினி சொல்லும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால் அதன் கணக்கு மேலாளருக்குப் போகும். ஓட்டுநரை நோக்கும் கேமரா பல நிறுவனங்களில் இருக்கிறது. திடீர் பிரேக், முன்வண்டியை நெருங்குதல், கையில் போன் ஆகியவை படத்துணுக்காக அலுவலகம் போகும். இந்தக் கேமராவை வெறுப்பதற்கு நியாயம் உண்டு. அதே கேமரா விபத்தில் ஓட்டுநர்மேல் தவறில்லை என்று காட்டுவதும் உண்டு. வேலையில் சேரும் முன்பே அது எப்போது பதிவுசெய்யும், படுக்கையில் இருக்கும்போது அணைந்திருக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓட்டுநர் மேலாளர் என்பவர் பல வண்டிகளை ஒரே திரையில் பார்ப்பவர். அவருக்கு உங்கள் முகம் தெரியாமல் இருக்கலாம். எப்போது காலியாவீர்கள் என்று நீங்கள் அனுப்பும் நேரம் மட்டும் தெரியும். சரக்கைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அந்த நேரத்தை வைத்துத்தான் அடுத்த லோடைப் போடுகிறது. இறக்க 4 மணி ஆகும் என்று தெரிந்தும் 2 என்று அனுப்பினால் அடுத்த சரக்குக்குத் தாமதமாவீர்கள். 8 என்று அனுப்பினால் சும்மா கிடப்பீர்கள். சரக்கு வந்ததும் மைல், கெடு, மிச்சமுள்ள மணி மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, முடியாதென்றால் ஏற்றுக்கொள்ளும் முன்பே காரணத்தோடு எழுதுங்கள். கெடுவுக்கு இரண்டு மணி முன்பு வரும் 'முடியாது' மேலாளருக்கும் உதவாது, உங்கள் பெயருக்கும் நல்லதல்ல.

நிறுத்துமிடம் தனிச் சிக்கல். மாலை 6 மணிக்கு மேல் பரபரப்பான தடங்களில் டிரக் நிறுத்தங்கள் நிரம்பத் தொடங்கும். கிடங்கில் தாமதமானவர்கள்தான் இரவு 8 மணிக்கு இடம் தேடி அலைகிறார்கள். அதனால் பலர் விடியற்காலை 3, 4 மணிக்கே நாளைத் தொடங்கி மதியமே இடம் பிடித்துவிடுகிறார்கள்.

நுழைவும் விலகலும்

வணிக உரிமம் பெறுவதற்கான தொடக்கநிலைப் பயிற்சி 2022 பிப்ரவரி 7 முதல் நாடெங்கும் கட்டாயம். ஆனால் எத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்ச வரம்பு அதில் இல்லை. பெரிய நிறுவனங்கள் பயிற்சிச் செலவைத் தாங்களே ஏற்று, பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய ஒப்பந்தம் வாங்கும். முன்பே விலகினால் மொத்தமும் கடனா, மாதத்துக்கு மாதம் குறையுமா, நிறுவனமே நீக்கினாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். பிறகு வரும் பயிற்றுநரோடான வாரங்களில், அவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பாரா, நீங்கள் ஓட்டும்போது பின்னால் தூங்குவாரா என்பதுதான் முக்கியம். இரண்டாவது முறையில் வண்டி இருவர் ஓட்டும் வண்டியாகிவிடும். மைல் கூடும், பயிற்சி குறையும். தானியங்கி கியர் வண்டியில் ஓட்டுத் தேர்வு கொடுத்தால், கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உரிமத்தில் விழும் என்பதையும் தெரிந்து சேருங்கள்.

சில மாதங்களில் 'சொந்த வண்டி' என்ற பேச்சு வரும். நிறுவனமே வண்டியைக் குத்தகைக்குக் கொடுத்து, அதே நிறுவனமே சரக்கும் கொடுக்கும் திட்டம். வாரத் தவணை, டீசல், காப்பீடு, பராமரிப்பு நிதி எல்லாம் போகத்தான் ஓட்டுநருக்கு மீதி. சரக்கு குறைந்த வாரத்திலும் தவணை குறையாது. அனுபவமில்லாத ஓட்டுநர் இதில் இறங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்தத் திட்டங்களை ஆராயக் கூட்டாட்சி அரசு அமைத்த பணிக்குழுவே 2025-இல் இவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது.

பெரிய முழு லோடு நிறுவனங்களில் ஆண்டு விலகல் விகிதம் பல ஆண்டுகள் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓடிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பத்தாண்டாக அசையாமல் இருப்பவர்கள் ஒருபுறம். ஒரே இருக்கையில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் மாறுவது மறுபுறம்.

விலகுவதென்று முடிவெடுத்தால் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 'வண்டியைக் கைவிட்டார்' என்ற ஒரு வரி வேலைவாய்ப்புப் பின்னணி அறிக்கையில் ஏறிவிட்டால் அடுத்த நிறுவனம் அதைத்தான் முதலில் படிக்கும். அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, கையிலிருக்கும் சரக்கை இறக்கிவிட்டு, எந்த முனையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதைச் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வண்டியைத் துடைத்து, நான்கு பக்கமும் உள்ளேயும் ஓடோமீட்டரையும் படமெடுத்து, சாவி, டீசல் அட்டை, டோல் கருவி மூன்றுக்கும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். பதிவுக் கருவியின் கடைசி 8 நாள் பதிவை முன்பே மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். புதிய நிறுவனம் முதல் நாளே முந்தைய 7 நாளின் பணி மணிகளைக் கேட்கும்.